சுபகிருது வருஷத்துக் கடிதம்

தாத்தா பினாங்கில் சம்பாதித்து நாகப்பட்டினம் பக்கம் வாங்கிய நிலத்தில் அம்மாவுக்குப் பங்கு கேட்டு 2021-இல் பாகப்பிரிவினை வழக்குப் போட்டோம். உயில் எழுதாமல் 1971-இல் இறந்தவர். சுயமாக வாங்கிய சொத்து என்பதால் 1956 வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்குச் சம பங்கு உண்டு. ஆனால் அம்மா மூத்த தாரத்துப் பிள்ளை. இளைய தாரத்து மாமாக்கள் எதிருரையில், அவர் தங்கள் அப்பாவின் மகளே இல்லை என்று எழுதிவிட்டார்கள். அம்மாவுக்குப் பிறப்புப் பதிவு கிடையாது.

2023-இல் தாத்தாவின் தங்கை வீட்டுத் தகரப் பெட்டியில் பதினோரு கடிதங்கள் அகப்பட்டன. ஒன்றில் அம்மா பெயரை எழுதி, "மூத்த மகள் கல்யாணத்துக்கு அடுத்த ரஜூலாவில் வந்துவிடுவேன்" என்றிருந்தது. ரஜூலா என்பது அப்போது பினாங்கிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த கப்பல். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வக்கீல்தான் அடக்கினார். முப்பது வருஷம் தாண்டிய ஆவணம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தால், சாட்சியச் சட்டம் 90-வது பிரிவுப்படி கையெழுத்தை நீதிமன்றம் ஏற்கலாம். ஏற்றே ஆக வேண்டும் என்றில்லை. உள்ளே எழுதியிருப்பதைச் சாட்சியமாக்க அதே சட்டத்தின் 32(5) பிரிவு வேண்டும்: இறந்துபோனவர், தகராறு கிளம்பும் முன்பே, உறவைப் பற்றி எழுதியதாக இருக்க வேண்டும். (2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்தாலும் எங்கள் வழக்குக்குப் பழையதுதான்.)

ஆக, எல்லாம் தேதியில் நிற்கிறது. அந்தக் கடிதத்தின் உறையில் தபால்தலை இருந்த இடத்தில் சதுர ஓட்டை. முத்திரையில் 'பினாங்' என்பதன் பாதிதான் மிச்சம், வருஷம் போய்விட்டது. வெட்டியது யார் என்று கேட்காதீர்கள். பத்து வயதில், கோடை விடுமுறையில், தபால்தலை சேர்க்கிறேன் என்று பிளேடோடு உட்கார்ந்தவன் நான்தான்.

கடிதத்தின் தலைப்பில் 'சுபகிருது வருஷம் ஆவணி 12' என்று மட்டும் இருந்தது. அதாவது 1962. எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் சாவகாசமாகக் கேட்டார்: "சுபகிருது 2022-லயும் வந்துச்சுல்ல?" அறுபது வருஷச் சுற்று! வழக்குப் போட்ட பிறகு நாங்களே எழுதிக்கொண்டது என்கிறார். எனக்கு வியர்த்துவிட்டது.

காப்பாற்றியது கப்பல். 1973-க்குப் பிறகு ரஜூலா என்ற பெயரில் அந்தக் கப்பல் ஓடவே இல்லை. அப்புறம் பெரியப்பா, அதாவது தாத்தாவின் தங்கை மகன், 82 வயது. எழுதப் படிக்கத் தெரியாத தன் அம்மாவுக்கு வருகிற கடிதத்தையெல்லாம் சிறுவயதில் அவர்தான் படித்துக் காட்டுவார். கையெழுத்தைப் பழகி அறிந்தவர் என்ற முறையில் கூண்டேறினார். எப்படி அடையாளம் சொல்கிறீர்கள் என்றதற்கு, "மாமா 'ழ'வுக்கு வாலை இடது பக்கம் இழுத்துவிடுவார். படிக்கத் திணறி நான் எத்தனை குட்டு வாங்கியிருக்கேன்" என்றார். 1958 கிரயப் பத்திரத்தில் தாத்தா கைப்பட எழுதிய வரியிலும் அதே வால். அந்தப் பத்திரத்தை மாமாக்கள் தரப்புதான் தாக்கல் செய்திருந்தது.

யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணையில் அம்மாவுக்குக் கால் பங்கு. தாத்தாவின் இளைய தாரமான சின்னப் பாட்டியின் கால் பங்கு அவர் காலத்துக்குப் பிறகு அவர் பிள்ளைகளுக்கே போய்விட்டது, அது சரிதான். அப்பீல் கெடு முடியும்வரை அசல் கடிதங்கள் நீதிமன்றத்தில்தான் இருக்கும். நிலத்தை அளக்க நீதிமன்றக் கமிஷனர் இன்னும் வரவில்லை.