பால் என்றால் ஹாலு: கோத்தகிரிப் பள்ளி நாட்குறிப்பு

நவம்பர் 4, திங்கள்

தீபாவளி விடுமுறை முடிந்து இன்று பள்ளி திறந்தது. வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிச் சரிவுகளில் இறங்கிவிட்டதால், வருகைப் பதிவேட்டில் உள்ள 27 பேரில் 19 பேர் மட்டுமே வந்திருந்தனர். மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு அரசு வழங்கும் மழைக்கோட்டுகள் வராந்தாக் கொடியில் வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்தன. எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. நான்காம், ஐந்தாம் வகுப்புகளைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்கிறார். முதல் மூன்று வகுப்புகள் என் பொறுப்பு. பிள்ளைகளில் பாதிப் பேர் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் படுகர் வீடுகளிலிருந்து வருகிறார்கள். மற்றவர்களில் பலர், 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் வழிவந்தவர்கள். அண்மைக் காலமாக, ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் சேர்ந்து வருகிறார்கள். பிள்ளைகளின் பெயர்களை இந்தக் குறிப்புகளில் எழுதப் போவதில்லை.

இரண்டாம் வகுப்பில் ஒரு படுகர் சிறுமி இருக்கிறாள். 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-23 கல்வியாண்டில் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தபோது, பிள்ளைகளை வகுப்பு பார்த்துப் பிரிக்காமல், அவர்கள் எட்டியிருக்கும் கற்றல் நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனக் குழுக்களாக உட்கார வைக்கத் தொடங்கினோம். இவள் ஜூன் மாதத்திலிருந்து அரும்பிலேயே இருக்கிறாள். பாடல் என்றால் முதல் ஆளாக எழுந்து நின்று முழுவதையும் சொல்லிவிடுவாள். எழுத்தைக் காட்டினால் வாய் மூடிக்கொள்ளும். இன்று ஒரு டம்ளர் படமும் அதன் கீழே 'பால்' என்ற சொல்லும் உள்ள அட்டையைக் கொடுத்தேன். விரலை எழுத்தின் கீழ் வைத்து, தயக்கமே இல்லாமல் "ஹாலு" என்றாள். இரண்டு முறை திருத்தினேன். இரண்டு முறையும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் மீண்டும் "ஹாலு" என்றாள். பதிவில் தவறு என்று குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அடுப்பில் பால் வைத்தபோதுதான் அது உறைத்தது. அவள் எழுத்தை வாசிக்கவே இல்லை. படத்தைப் பார்த்து, தன் வீட்டில் அதற்கு என்ன பெயரோ அதைச் சொன்னாள். சொன்னது முற்றிலும் சரி. தமிழில் பகரத்தில் தொடங்கும் பழஞ்சொற்கள் பலவும் படுக மொழியில் ஹகரத்தில் தொடங்குகின்றன: பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, பெயர் ஹெசரு, பட்டி ஹட்டி. கன்னடத்திலும் இந்த மாற்றம் நடந்திருக்கிறது. ஐந்து மாதமாக நான் 'ப' என்று கற்பித்த ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் மனத்துக்குள் 'ஹ' என்று ஒலித்திருக்கிறது என்றால், அந்த எழுத்து அவளுக்கு என்னதான் பொருள் தந்திருக்கும்?

நவம்பர் 6, புதன்

இன்று காலை உணவு பொங்கலும் சாம்பாரும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டதிலிருந்து, இந்தக் குளிரில் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரும் பிள்ளை எங்கள் பள்ளியில் இல்லை. ஒன்பதரை மணிக்கே தலை சாய்த்துத் தூங்கிய பழைய முகங்கள் எனக்கு நினைவிருப்பதால், இதை ஒவ்வொரு புதன்கிழமையும் நன்றியோடு எண்ணிக்கொள்கிறேன்.

சமையலர் அக்கா அன்றன்றைய உணவைச் சிறு பலகையில் எழுதி வைப்பார். சாப்பிட்டுக் கை கழுவி வந்த அந்தச் சிறுமியைப் பலகையின் முன் நிறுத்தி, "இன்னைக்கு என்ன சாப்பிட்ட?" என்றேன். "பொங்கல், டீச்சர்." பகரத்தை ஐயமில்லாமல் உதடு சேர்த்துச் சொன்னாள்! ஒலி அவளிடம் இருக்கிறது. அதற்கும் எழுத்துக்கும் நடுவே பாலம் மட்டும்தான் இல்லை. 'பொ' என்பது அரும்பு நிலைப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய எழுத்து அன்று. ஆனாலும் முன்னே இருந்த கொம்பையும் பின்னே இருந்த காலையும் என் இரு விரல்களால் மறைத்துக் காட்டினேன். நடுவில் 'ப' மட்டும் நின்றது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, சுண்ணக்கட்டியை வாங்கித் தரையில் அதே போல் ஒன்று எழுதினாள். வலப்பக்கக் கோடு சற்றுச் சாய்ந்திருந்தது. மற்றபடி அது 'ப'தான்.

நவம்பர் 8, வெள்ளி

தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குச் சென்றிருந்ததால் ஐந்து வகுப்புகளும் இன்று என்னிடம். தகரக் கூரையில் மழை விழுந்தால் ஆசிரியர் குரல் இரண்டாவது வரிசையைக்கூட எட்டாது. ஆகையால் மழையையே பாடமாக எடுத்துக்கொண்டோம். குடிநீர் பாட்டில்களுக்கு நீலகிரியில் தடை இருப்பதால், பாட்டிலை வெட்டி மழைமானி செய்யச் சொல்லும் வழக்கமான செய்முறை இங்கே உதவாது. நேரான சுவருள்ள ஒரு கண்ணாடி ஜாடியை நேற்றுக் காலை முற்றத்தில் வைத்திருந்தோம். இன்று காலை அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்தபோது நீர் 38 மில்லிமீட்டர் நின்றது.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர் என்பதை, தரையில் ஒரு மீட்டர் சதுரம் வரைந்து விளக்கினேன். பிறகு நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கூரை மூடியிருக்கும் இடத்தைத் தரையில் நாடாவால் அளந்தனர்: நீளம் 12 மீட்டர், அகலம் 6 மீட்டர், பரப்பு 72 சதுர மீட்டர். அப்படியானால் நேற்று நம் கூரை மேல் விழுந்த நீர் எவ்வளவு?

ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் முதலில் முடித்து 342 என்று எழுதிக் காட்டினான். 38-ஐ 2-ஆல் பெருக்கி 76, 7-ஆல் பெருக்கி 266, இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துக் கூட்டியிருந்தான். அந்த 7 உண்மையில் 70 என்பது அவன் தாளில் எங்கும் இல்லை. நான் வாய் திறப்பதற்கு முன்பே, நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஜன்னல் வழியே வெளியே கையை நீட்டி, "முந்நூத்தி நாப்பத்திரெண்டுன்னா ரெண்டு டிரம்கூட நெறையாதுடா. நேத்துக் காலையில காலியா இருந்த சிமெண்ட் தொட்டி வழிஞ்சு ஓடுதே!" என்றாள். அவன் எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்தான். திரும்பி வந்து தாளைப் பார்த்தான். பெருக்கலைத் தானே தொடக்கத்திலிருந்து போட்டான். 2,660-உம் 76-உம் சேர்ந்து 2,736 லிட்டர் வந்தது.

கிடைத்த விடையைத் தொட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சிறுமிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எத்தனை பயிற்சித் தாள்கள் கொடுத்திருந்தாலும் இடமதிப்பு இவ்வளவு உறுதியாக அந்த மாணவனுக்குள் இறங்கியிருக்காது என்று நம்புகிறேன். இருவரைப் பற்றியும் தலைமையாசிரியரிடம் தொலைபேசியில் சொன்னேன். திங்களன்று வழிபாட்டுக் கூட்டத்தில் இருவரையும் விளக்கச் சொல்லலாம் என்றார்.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் நாள். பாட்டு, ஓட்டப் பந்தயம், பள்ளி மேலாண்மைக் குழுவினர் வாங்கித் தந்த இனிப்பு. மூன்று மணிக்கே மூடுபனி இறங்கியதால் பிள்ளைகளைச் சீக்கிரம் அனுப்பிவிட்டோம்.

நவம்பர் 20, புதன்

இரவில் கரடி வந்து உணவுப் பொருள் அறையின் கதவை உடைத்துவிட்டது. எண்ணெயும் வெல்லமும் போயின. வனத்துறையினர் வந்து பார்த்துச் சென்றனர். வெளிச்சுவரில் விளக்கு பொருத்த ஏற்பாடு நடக்கிறது. பிள்ளைகளை ஓரிருவராக நடந்து வர வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லியிருக்கிறோம்.

மூன்றாம் வகுப்பில் இதுவரை பலகையைப் பார்த்து எழுதியவர்கள் இன்று எதையும் பார்க்காமல் எழுதினார்கள். "கரடி எண்ணையைக் குடித்தது. பருப்பை விட்டு விட்டது. கரடிக்கு சமைக்க தெரியாது." இது ஒரு மாணவன் தானாக எழுதிய முதல் மூன்று வாக்கியங்கள். பிழைகளை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று, சிவப்பு மையைத் தொடாமல் அப்படியே சுவரில் ஒட்டினேன்.

நவம்பர் 27, புதன்

இரண்டு வாரங்களாகப் பின்சுவரில் ஒரு சொல்லட்டவணை வளர்ந்து வருகிறது. ஒரு பொருளுக்கு யார் வீட்டில் என்ன சொல்கிறார்களோ அதைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறோம். தண்ணீர் என்ற வரிசையில் தண்ணி, நீரு, பானி என்று மூன்று நிற்கின்றன. பால் என்ற வரிசையில் பாலு, ஹாலு, தூத். வீட்டு மொழியைச் சுவரில் எழுதினால் தமிழ் கலங்கிப்போகும் என்று ஒரு பெற்றோர் வருத்தப்பட்டார். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. ஆனால், தெரிந்த ஒலியிலிருந்து தொடங்கும் பிள்ளை எழுத்தை விரைவாகப் பிடிக்கிறது என்பதை நான் இந்த அறையிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

'பானி' என்று சொன்னவன் ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பத்தின் மகன், செப்டம்பரில் சேர்ந்தான். வந்த புதிதில் ஒரு நாள், பானைப் படத்தைக் காட்டி, "பானை" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "பானி! பானி!" என்று துள்ளினான். பானைக்குள் இருக்கும் நீரைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவனுக்கு 'ப' மறக்கவே இல்லை. அவன் நாவில் முதலில் வரும் எழுத்து அதுதான். இன்று அவனையும் படுகர் சிறுமியையும் ஒரே பலகையில் உட்கார வைத்தேன். இருவருக்கும் பொதுவாகச் சில தமிழ்ச் சொற்கள் மட்டுமே உண்டு. அவன் 'பா' என்று எழுதி, கைகுவித்துக் குடிப்பதுபோல் காட்டி, "பானி" என்றான். அவள் அதன் கீழே மெல்ல ஒரு 'ல்' எழுதினாள். மேலே இருந்த 'பா'வுடன் அதைச் சேர்த்து, விரலால் இழுத்து, என்னைப் பார்க்காமலே, "பா...ல். பால்" என்றாள். பிறகு நிமிர்ந்து, "ஹாலு, டீச்சர்!" என்று கூவினாள்.

இரண்டும் ஒன்றுதான் என்பதை எனக்குச் சொன்னாள். என்னால் சற்று நேரம் அடுத்த குழுவுக்குப் போக முடியவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

காலையில் புல் மேல் வெள்ளையாக உறைபனி. கைவிரல்கள் மரத்துப்போவதால் முதல் அரைமணி எழுத்து வேலை கிடையாது. வெயிலில் நின்று வாய்க்கணக்கு.

வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என நான்கு நிலைகளில் உள்ளன. பெரிய பிள்ளைகளுக்கான அவற்றிலிருந்து 'நுழை' நிலை நூல் ஒன்றை அந்தச் சிறுமி தானாகவே எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று சொற்கள் பிடிபடுகின்றன. மெய்யெழுத்து இரட்டித்து வந்தால் நின்றுவிடுகிறாள். படத்தைக் கையால் மூடிக்கொண்டு வாசிக்கிறாள். நான் சொல்லிக்கொடுக்காத பழக்கம் அது. இந்தப் பருவத்தின் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு முன்பே அவளை மொட்டுக் குழுவுக்கு மாற்றியிருக்கிறேன்.

டிசம்பர் 11, புதன்

மாலை மூன்றரை மணிக்குச் சிறுமியின் ஹெத்தெ, அதாவது பாட்டி, அழைத்துச் செல்ல வந்தார். இலை பறித்த கையின் கறை போகாமலே இருந்தது. மாதக் கடைசி என்றால் வேறு யாராவது கணக்குப் பார்த்துச் சொல்வார்களாம், இன்று மடியிலிருந்து இலைச் சீட்டு ஒன்றை எடுத்து, "இவ படிக்கிறாளாமே டீச்சர்?" என்று பேத்தியிடம் நீட்டினார்.

சிறுமி சீட்டை வராந்தாத் திண்ணையில் விரித்து, காற்றில் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டாள். "ப... ச்... சை." இரட்டித்த எழுத்தில் நின்றாள். நான் உதவவில்லை. மீண்டும் பின்னால் போய், "பச்சை" என்றாள். "பச்சைத் தே... யி... லை." பாட்டி எதுவும் சொல்லாமல் அவளுடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வரியில் எடை 21. அதற்குக் கீழே 'கழிவு' என்று எழுதி 3. கடைசியில் 18.

"கழிவுன்னா?" என்று சிறுமி என்னிடம் கேட்டாள். மழைக்காலத்தில் இலையில் ஒட்டியிருக்கும் ஈரத்துக்காக எடையில் பிடித்துக்கொள்வது என்று சொன்னேன். அவள் விரல்விட்டு மூன்றைக் குறைத்துப் பார்த்து, "சரிதான், பதினெட்டு" என்றாள்.

"இன்னைக்கு மழையே இல்லையே" என்றார் பாட்டி. வேறு எதுவும் பேசாமல் திண்ணையில் பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியை அவிழ்த்து, நூல் கட்டிய பழைய சீட்டுக் கற்றையை வெளியே எடுத்து, முதல் சீட்டைப் பிரித்து அவள் முன்னே வைத்தார்.