பத்மினிக்கு எலெக்ட்ரிக் பம்ப் மாட்டப் போய் மூன்று வாரம்

அப்பா வாங்கிய 1986 மாடல் பிரீமியர் பத்மினி காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். இந்த மே மாதம் சென்னை ஆற்காடு ரோட்டில் மெட்ரோ வேலை நெரிசலில் மூன்று முறை நடுரோட்டில் நின்றுவிட்டது. மூன்று முறையும் ஒரே கதை, பம்ப் மேல் ஈரத்துணி போட்டு இருபது நிமிடம் காத்திருந்தால் கிளம்பிவிடும். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது வேப்பர் லாக் என்று சொல்லவே வேண்டாம். எஞ்சினோடு ஒட்டியிருக்கும் மெக்கானிக்கல் பம்ப் பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்ச வேண்டும், வெயிலில் லைனிலேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் அதற்கு உறிஞ்ச எதுவும் இல்லை. டேங்க் பக்கத்தில் ஒரு எலெக்ட்ரிக் பம்ப் வைத்துத் தள்ளிவிட்டால் பிரச்சினை தீரும் என்று முடிவு செய்தேன். முடிவு சரிதான். ஆனால் அதைச் செய்து முடிப்பதற்குள் பட்ட பாடு இருக்கிறதே.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் பம்ப் வாங்கினேன். பெட்டியில் 3 முதல் 5 பிஎஸ்ஐ (பெட்ரோலைத் தள்ளும் அழுத்த அளவு) என்று போட்டிருந்தது. "கார்புரேட்டர் வண்டிக்குன்னே வர்றது சார், கண்ணை மூடிட்டு மாட்டுங்க" என்றார் கடைக்காரர். நானும் நம்பினேன். மாட்டும் வேலை அரை நாளில் முடிந்தது. சாவியைத் திருப்பினேன், எஞ்சினை ஸ்டார்ட்கூட செய்யவில்லை, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் வழிந்து கீழே ஊற்ற ஆரம்பித்துவிட்டது. எஞ்சின் சூடாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

மெக்கானிக் பாய் உடனே பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, லைனில் ஒரு டி ஜாயின்ட் போட்டு பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்தார். 7 பிஎஸ்ஐயைத் தாண்டி நின்றது முள். இந்தக் கார்புரேட்டருக்கு இரண்டரை, மூன்று பிஎஸ்ஐ போதும், அதற்கு மேல் போனால் பெட்ரோல் நிறைந்ததும் வழியை அடைக்கும் மிதவை ஊசியால் அதைத் தடுத்து நிறுத்த முடியாது. "பெட்டியில இருக்கறத படிக்காதீங்க சார், கேஜ்ல இருக்கறத படிங்க" என்றார். இதை வாங்குவதற்கு முன்னால் யாராவது சொல்லியிருக்கக் கூடாதா!

கடைக்குப் போனால் முதல் நாள் ஓனர் இல்லை, நாளைக்கு வாங்க என்றார்கள். மறுநாள் ஆபீசுக்கு பர்மிஷன் போட்டுவிட்டுப் போனால், எலெக்ட்ரிக் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது என்று சுவரில் இருக்கும் போர்டைக் காட்டுகிறார். கேஜ் ரீடிங்கை போனில் போட்டோ எடுத்துப் போயிருந்தேன், அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கையில் இருந்தது வெறும் துண்டுச் சீட்டு, அதில் பார்ட் நம்பர் இல்லை, கடை பெயர்கூட சரியாக இல்லை. எவ்வளவு சின்ன சாமான் வாங்கினாலும் பார்ட் நம்பரோடு ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள், தர மறுத்தால் அந்தக் கடையே வேண்டாம்.

அப்புறம் அதே பம்பை வைத்துக்கொண்டு அழுத்தத்தைக் குறைத்துத் தரும் பிரஷர் ரெகுலேட்டர் போடலாம் என்றார் பாய். அதிலும் ஒரு தடவை ஏமாந்தேன். முதலில் வாங்கியது கார்புரேட்டர் இல்லாத புது மாதிரி இஞ்செக்‌ஷன் வண்டிக்கானது, அதன் குறைந்தபட்ச அளவே 30 பிஎஸ்ஐ. நல்லவேளை அதை விற்ற கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். 1 முதல் 5 வரை வைக்கக்கூடிய கார்புரேட்டர் ரெகுலேட்டர் என்று கேட்டு வாங்கி, இரண்டரையில் வைத்தோம். பெட்ரோல் வழிவது நின்றது.

ஆனாலும் ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது, திணறல். கார்புரேட்டரைப் பிரித்தால் மிதவை ஊசி உட்காரும் இடத்தில் வெள்ளையாக ஏதோ துணுக்கு. மரையில் கசியக் கூடாது என்று உதவிக்கு இருந்த பையன் டெஃப்லான் டேப் சுற்றியிருக்கிறான், அது பிய்ந்து உள்ளே போயிருக்கிறது. பெட்ரோல் லைனில் டெஃப்லான் டேப் வேண்டவே வேண்டாம். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாடை! முதல் நாள் வழிந்தது சிலிண்டர் வழியாகக் கீழே இறங்கியிருக்கிறது. ஆயிலை முழுதாக மாற்றிய பிறகுதான் மறுபடி ஸ்டார்ட் செய்தோம். இதை யாரும் விட்டுவிடாதீர்கள், பெட்ரோல் கலந்து நீர்த்துப்போன ஆயிலில் ஓட்டினால் பேரிங் போய்விடும்.

ஹோஸ் விஷயத்தில் மட்டும் முதலிலேயே கவனமாக இருந்தேன். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். என் வண்டியின் பழைய ஹோஸை வெட்டிப் பார்த்தபோது உள்பக்கம் கரியாக விரலில் ஒட்டியது. எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் மேலேயே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்று அச்சடித்திருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள், விலை அதிகம்தான். பம்புக்கு முன்னால் மெட்டல் ஃபில்டர். எத்தனால் டேங்கின் பழைய பிசினைக் கரைத்து, துருவையும் பெயர்த்துக் கொண்டுவருவதால் முதல் ஃபில்டர் 200 கிலோமீட்டரிலேயே அடைத்துக்கொண்டது, ஒன்று கூடுதலாக டிக்கியில் வைத்திருங்கள்.

இன்னொன்று, பம்புக்கு நேராக சாவியிலிருந்து வயர் இழுக்காதீர்கள். வண்டி எங்காவது மோதி எஞ்சின் நின்றாலும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பம்புக்கு கரண்டைத் தனியாகத் தரும் சுவிட்சான ரிலே வைத்து, பழைய ஃபோர்டு வண்டியிலிருந்து கழற்றிய இன்னர்ஷியா ஸ்விட்ச் ஒன்றைப் புதுப்பேட்டையில் தேடிப் பிடித்துப் போட்டோம். அடி விழுந்தால் அது கரண்டைத் துண்டித்துவிடும். பாய் சுத்தியல் கைப்பிடியால் பலமாகத் தட்டிக் காட்டினார், பம்ப் நின்றது. அந்த ஒரு நிமிடம்தான் மூன்று வாரத்தில் முதல் முறையாக நிம்மதியாக மூச்சு விட்டேன்.

புகைச் சான்றிதழ் எடுக்கப் போனபோது இந்த வயது வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி, எனக்கு 1.8 வந்தது. போன சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வேண்டுமென்றே வடபழனியிலிருந்து போரூர் வரை போனேன். முக்கால் மணி நேரம் ஊர்ந்தது, ஒரு தடவைகூட நிற்கவில்லை. அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "பழைய பம்பைத் தூக்கிப் போட்டுடலியே?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லைப்பா, துணியில் சுற்றி ஷெல்ஃபில் வைத்திருக்கிறேன் என்றேன்.