ரணதுங்க ஜெயித்த மூன்று டாஸ்

அர்ஜுன ரணதுங்க என்றதும் பலருக்கு நினைவு வருவது தொப்பை, நடந்தே எடுக்கும் சிங்கிள், அம்பயர் முகத்துக்கு நேரே ஆட்டிய விரல். எதுவும் பொய்யில்லை. ஆனால் 56 டெஸ்ட்டில் இலங்கைக்குக் கேப்டனாக இருந்தவரின் மூளை எப்படி வேலை செய்தது என்று தெரிய வேண்டுமானால், அவர் டாஸ் ஜெயித்த மூன்று காலைகளைப் பார்க்க வேண்டும். மூன்றிலும் முதலில் ஃபீல்டிங் என்றார்.

முதலாவது லாகூர், 1996 மார்ச் 17, ஆஸ்திரேலியாவுடன் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். அதுவரை நடந்த ஐந்து இறுதி ஆட்டங்களிலும் முதலில் பேட் செய்த அணிதான் கோப்பையைத் தூக்கியது. அந்தக் கணக்கைப் பார்த்தால் ஃபீல்டிங் எடுப்பது அசட்டுத்தனம். ஆனால் அது பகலிரவு ஆட்டம். ராத்திரி பனி இறங்கினால் பந்து நனையும். நனைந்த பந்தில் முதலில் மாட்டுவது ஸ்பின்னர். தையலில் விரல் பிடிக்காது, பந்து வழுக்கிக்கொண்டு ஃபுல் டாஸாகப் போகும், பிட்ச்சில் விழுந்தாலும் கடிக்காமல் சறுக்கும். இலங்கையின் பலமே ஸ்பின். காய்ந்த பந்து இலங்கைக்கு, ஈரப் பந்து ஆஸ்திரேலிய ஸ்பின்னர் ஷேன் வார்னுக்கு. அந்த முடிவு தந்த லாபம் அவ்வளவுதான்.

50 ஓவரில் 37 ஓவர் ஸ்பின்: முரளி 10, தர்மசேன 10, அரவிந்த டி சில்வா 9, ஜயசூரிய 8. மார்க் டெய்லரும் பாண்டிங்கும் நின்றபோது ஆஸ்திரேலியா 137-க்கு 1. இருவரையும் அரவிந்த எடுத்தார். 170 ஆவதற்குள் ஐந்து போனது. மொத்தம் 241. ராத்திரி வார்ன் 10 ஓவர் வீசி 58 ரன் கொடுத்தார், விக்கெட் ஒன்றுகூட இல்லை.

அந்த உலகக் கோப்பை என்றால் எல்லோரும் தொடக்க ஜோடி ஜயசூரிய, களுவிதாரண, முதல் 15 ஓவர் என்பார்கள். வட்டத்துக்கு வெளியே இரண்டே ஃபீல்டர் நிற்கும் அந்த ஓவர்களில் தூக்கியடிப்பது பெரிய திட்டம்தான். டெல்லியில் இந்தியாவுக்கு எதிராக முதல் 3 ஓவரில் 42 ரன். ஆனால் கொல்கத்தா அரையிறுதியில் இருவருமே முதல் ஓவரிலேயே ஸ்ரீநாத் பந்தில் தேர்ட் மேனில் கேட்ச். இறுதி ஆட்டத்தில் 23-க்கு இருவரும் அவுட். அந்தச் சூதாட்டத்தை ஆட முடிந்ததற்குக் காரணம் பின்னால் நின்றவர்கள்: குருசிங்க 65, அரவிந்த 107 நாட் அவுட், ஐந்தாவதாக இறங்கிய ரணதுங்க 37 பந்தில் 47 நாட் அவுட். 46.2 ஓவரில் கதை முடிந்தது. கேப்டன் தன்னை ஐந்தில் வைத்துக்கொண்டது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டாவது லண்டன் ஓவல், 1998 ஆகஸ்ட். ஒரே ஒரு டெஸ்ட் கொண்ட தொடர், தட்டையான பிட்ச். டாஸ் ஜெயித்தால் யோசிக்காமல் பேட் செய்யும் இடம். ரணதுங்க இங்கிலாந்தை ஆடச் சொன்னார். காரணம் பிட்ச் அல்ல, முரளியின் தோள்பட்டை. இலங்கை முதலில் பேட் செய்து இங்கிலாந்துக்கு ஃபாலோ ஆன் கொடுத்தால் (ரன்னில் பின்தங்கிய அணியை உடனே மறுபடி பேட் செய்யச் சொல்வது), முரளி இரண்டு இன்னிங்ஸும் அடுத்தடுத்து வீச வேண்டும். முதலில் வீசவிட்டால் நடுவில் இலங்கை பேட் செய்யும்போது அவருக்கு ஓய்வு.

இங்கிலாந்து 445 எடுத்தபோது எல்லோரும் சிரித்திருப்பார்கள். முரளி 59.3 ஓவரில் 7 விக்கெட். பிறகு ஜயசூரிய 213, அரவிந்த 152, இலங்கை 591. முரளி கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டாவது இன்னிங்ஸில் 54.2 ஓவர், 65 ரன், 9 விக்கெட். மீதி ஒன்று ரன் அவுட். ஒரே ஆள் ஒரே டெஸ்ட்டில் கிட்டத்தட்ட 114 ஓவர்! இடைவேளை இல்லாமல் எந்தத் தோளும் இதைத் தாங்காது. பத்து விக்கெட்டில் வெற்றி. இங்கிலாந்து மண்ணில் இலங்கையின் முதல் டெஸ்ட் வெற்றி.

அந்தத் தோளுக்காகத்தான் 1999 ஜனவரியில் அடிலெய்டில், இங்கிலாந்துடன் ஆடிய ஒருநாள் ஆட்டத்தில் சண்டையும். பேட்ஸ்மேனுக்குப் பக்கவாட்டில், ஸ்கொயர் லெக்கில் நின்ற அம்பயர் ராஸ் எமர்சன், கண்டி தமிழர் முரளியின் பந்தை எறிபந்து என்று நோ பால் கொடுத்தார். ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை கூட்டிப்போனார். திரும்பி வந்ததும் செய்ததுதான் நுணுக்கம். முழங்கை மடிந்து நிமிர்வது பக்கவாட்டிலிருந்துதான் தெளிவாகத் தெரியும். அதனால் முரளியை எமர்சன் நிற்கும் முனைக்கே மாற்றி, ஸ்டம்பை ஒட்டி நிற்கும்படி அவரிடம் வாதாடினார். அவ்வளவு கிட்டத்தில் நின்றால் கை கண்ணில் படாது. 303 எடுத்து ஒரு விக்கெட்டில் ஜெயித்தார்கள். ரணதுங்கவுக்கு ஆட்டச் சம்பளத்தில் 75 சதவீதம் அபராதம், நிறுத்திவைக்கப்பட்ட ஆறு ஆட்டத் தடை.

மூன்றாவது டான்டன், 1999 மே 26. எதிரில் இந்தியா. பகல் ஆட்டம், பனி கிடையாது, எல்லைக்கோடு குட்டை. முதல் ஓவரில் வாஸ் நம்ம சடகோபன் ரமேஷின் ஸ்டம்பைத் தட்டியபோது சரியான முடிவு போலத்தான் இருந்தது. அடுத்த விக்கெட் விழுவதற்குள் கங்குலியும் திராவிடும் 318 சேர்த்தார்கள். பந்து சுழன்றாலும் தூக்கினால் சிக்ஸர் போகும் மைதானத்தில், முரளி 10 ஓவர் வீசியும் விக்கெட் இல்லை. இந்தியா 373. பதிலுக்கு ராபின் சிங் 31 ரன்னுக்கு 5 விக்கெட் எடுக்க, இலங்கை 216.

கோப்பையை வைத்திருந்த அணி, அந்த 1999 உலகக் கோப்பையின் இரண்டாவது சுற்றான சூப்பர் சிக்ஸுக்குக்கூடப் போகவில்லை. கேப்டன் பதவி ஜயசூரியவிடம் போனது. 1982-ல் 18 வயதில் இலங்கையின் முதல் டெஸ்ட்டில் அந்த நாட்டின் முதல் அரைசதத்தை, 54 ரன், அடித்த அதே ஆள், 2000-ல் இலங்கையின் 100-வது டெஸ்ட்டிலும் ஆடினார். அப்போது டாஸுக்குப் போனவர் வேறொருவர்.