சிஜிஎல் ஆங்கிலம்: ஒரு ‘க்கு’ என்னிடமிருந்து பறித்த 16 மதிப்பெண்

மத்திய அரசுப் பணிகளுக்குப் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுக்கும் சிஜிஎல் தேர்வின் இறுதி முடிவு சென்ற வாரம் வந்தது. பட்டியலில் என் எண்ணும் இருக்கிறது. முந்தைய முயற்சியில், இரண்டாம் கட்டத்தில் 9 மதிப்பெண் குறைந்து வெளியேறியவன் நான். ஆகையால் இந்தக் குறிப்பில் மகிழ்ச்சியைவிட அந்த ஒன்பதின் எரிச்சலே கூடுதலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கணிதத்தையும் பொது அறிவையும் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களோடு வரும் பிரிபொசிஷன்களை, அதாவது ‘டு’, ‘ஃபார்’, ‘ஆஃப்’ போன்ற சிறு சொற்களை, பற்றி மட்டுமே.

முதல் முயற்சிக்குப் பிறகு விடைக்குறிப்பையும் என் விடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, 45 ஆங்கில வினாக்களில் ஐந்து இந்த வகையைச் சேர்ந்தவை என்பதும், அவற்றில் நான்கை நான் தவறவிட்டிருக்கிறேன் என்பதும் தெரிந்தது. சரியான விடைக்கு 3, தவறுக்குக் கழிவு 1 என்னும்போது ஒவ்வொரு தவறும் 4 மதிப்பெண்ணைக் கொண்டுபோகிறது. வெவ்வேறு வேளைகளில் எழுதியவர்களின் மதிப்பெண்களைச் சமன்செய்யும் நார்மலைசேஷன் கணக்கை ஒதுக்கிவிட்டால், எனக்குத் தேவைப்பட்டது 9. நான் இழந்தது 16.

அந்த நான்கில் ஒன்று இன்றும் மனப்பாடம்: ‘தி காஸ் ஃபார் தி ஆக்சிடென்ட் இஸ் ஸ்டில் அன்நோன்.’ பிழை இல்லை என்று குறித்தேன். ‘விபத்துக்குக் காரணம்’ என்று மனம் சொன்னது. ‘க்கு’ என்றால் ‘ஃபார்’ என்று கை முடிவு செய்தது. நாளிதழ்களில் ‘காஸ் ஃபார் கன்சர்ன்’ என்று படித்த நினைவும் துணைக்கு வந்தது. ஒன்றை விளைவித்த காரணம் என்ற பொருளில் ‘காஸ்’ என்ற சொல் ‘ஆஃப்’ என்பதையே ஏற்கும். கவலைப்படவோ அஞ்சவோ முகாந்திரம் என்ற பொருளில்தான் அதற்கு ‘ஃபார்’ வரும். ‘ரீசன்’ என்று இருந்திருந்தால் என் விடை சரி. காரணம் என்ற ஒரே தமிழ்ச்சொல்லுக்குள் இவ்வளவும் ஒளிந்திருக்கிறது.

என் தவறின் வேர் எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. ‘பிரச்சினைக்குத் தீர்வு’ என்று தமிழில் சொல்லும்போது ‘க்கு’ என்ற உருபு பிரச்சினையோடு ஒட்டி நிற்கிறது; ஆகவே நம் கண்ணும் பிரச்சினையின் மேலேயே நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘சொல்யூஷன் டு தி பிராப்ளம்’ என்னும்போது, ‘டு’ என்பதைத் தீர்மானிப்பது வலப்பக்கம் உள்ள ‘பிராப்ளம்’ அன்று, இடப்பக்கம் உள்ள ‘சொல்யூஷன்’. அதே ‘பிராப்ளம்’ முன்னால் ‘காஸ்’ வந்தால் ‘ஆஃப்’, ‘அப்ரோச்’ வந்தால் ‘டு’. இடப்பக்கம் பாருங்கள். இந்தக் குறிப்பில் வேறு எதையும் நீங்கள் எடுத்துக்கொள்ளாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

நான் சேர்ந்திருந்த பயிற்சி மையத்தில் அகர வரிசையில் ஒரு நீண்ட பட்டியலைக் கொடுத்து ஒப்பிக்கச் சொன்னார்கள். பாராயணம் செய்ய முடிந்தவர்களுக்கு அது போதும். எனக்கு அது பிடிபடவில்லை என்பதால், ஒரு நோட்டை எடுத்துத் தமிழ் உருபுகளின்படி பிரித்துக்கொண்டேன். ‘க்கு’ பக்கத்தில் மூன்று கட்டங்கள். கேள்விக்குப் பதில், நாட்டுக்கு அச்சுறுத்தல், பயிருக்குச் சேதம், விதிக்கு விலக்கு, திருமணத்துக்கு அழைப்பு ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்களுக்கு ‘டு’. மாற்றத்துக்குத் தேவை, உதவிக்கு வேண்டுகோள், சர்க்கரைக்கு மாற்று (‘சப்ஸ்டிட்யூட்’) ஆகியவற்றுக்கு ‘ஃபார்’. தண்ணீருக்குத் தட்டுப்பாடு, குற்றத்துக்குச் சான்று ஆகியவற்றுக்கு ‘ஆஃப்’. ஒரே உருபு மூன்றாகக் கிளைப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மொழிபெயர்த்து விடை எழுதும் பழக்கம் என்னை விட்டது.

‘மீது’ இதைவிடப் பொல்லாதது. மக்கள் மீது தாக்கம் ‘ஆன்’, கடவுள் மீது நம்பிக்கை ‘இன்’, பெரியவர்கள் மீது மரியாதை ‘ஃபார்’, ஒருவர் மீது வழக்கு ‘அகென்ஸ்ட்’. ‘ஃபெய்த் ஆன்’ என்று எழுதாத தமிழ்வழி மாணவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

உருபு மறைந்து நிற்கும் தொடர்களிலும் கவனம் வேண்டும். ‘விலை உயர்வு’ என்பதை ‘விலையின் உயர்வு’ என்று விரித்துக்கொண்டு ‘ரைஸ் ஆஃப் பிரைசஸ்’ என்று எழுதிவிடுகிறோம். எது உயர்ந்ததோ அதற்கு ‘இன்’; எவ்வளவு உயர்ந்ததோ அந்த அளவுக்கே ‘ஆஃப்’. விலையில் 10 விழுக்காடு உயர்வு என்றால் ‘எ ரைஸ் ஆஃப் 10 பெர்சென்ட் இன் பிரைசஸ்’ என்று இரண்டும் ஒரே தொடரில் வரும்.

அடுத்தது, வினையும் பெயரும் ஒரே வடிவில் இருக்கும் சொற்கள். ‘ஐ ரிக்வெஸ்டட் ஃபார் லீவ்’ என்று எழுதிப் பழகிய நமக்கு அது பிழையாகவே தோன்றாது. வினையாக வரும்போது ‘ரிக்வெஸ்ட்’ எந்தத் துணையும் இல்லாமல் நேரே செயப்படுபொருளை எடுத்துக்கொள்ளும். பெயராக வரும்போதுதான் ‘மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’. ‘டிமாண்ட்’ இதே போன்றது. ‘லாக்’ என்பதற்குப் பெயரானால் ‘ஆஃப்’, வினையானால் ஒன்றும் இல்லை. ‘விசிட்’ பெயரானால் ‘டு’. ‘அட்டாக்’ பெயரானால் ‘ஆன்’. ‘டிஸ்கஷன்’ என்பதற்கு ‘அபவுட்’ உண்டு, ‘டிஸ்கஸ்’ என்பதற்குக் கிடையாது.

தேர்வறையில் நான் செய்தவை:

பிரிபொசிஷனுக்கு வலப்பக்கம் உள்ள சொற்களைத் திரையில் விரலால் மறைத்துக்கொண்டேன். கண்காணிப்பாளர் ஒருமுறை அருகில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இடப்பக்கச் சொல் பெயரா வினையா என்று பார்த்தேன். முன்னால் ‘எ’, ‘தி’, ‘மை’ போன்றவை இருந்தால் பெயர்.

இடையில் வேறொரு தொடர் புகுந்திருந்தால் அதைத் தாண்டிப் பின்னோக்கிப் போனேன். ‘தி டிமாண்ட் ஆஃப் தி ஒர்க்கர்ஸ் ஃபார் ஹையர் வேஜஸ்’ என்பதில் ‘ஃபார்’ கேட்பது ‘டிமாண்ட்’, ‘ஒர்க்கர்ஸ்’ அன்று.

தமிழில் சொல்லிப் பார்க்கவே இல்லை.

இரண்டாம் முயற்சியில் இந்த வகையில் ஆறு வினாக்கள் வந்தன, ஐந்து சரி. தவறிய ஒன்று ‘அட் தி எண்ட், தே அக்ரீட்’ என்று தொடங்கிய வாக்கியம். ‘முடிவில்’ என்று மட்டும் சொல்ல ‘இன் தி எண்ட்’ வரவேண்டும். ‘அட் தி எண்ட்’ பெரும்பாலும் எதன் முடிவு என்று காட்டும் ‘ஆஃப்’ ஒன்றைப் பின்னால் எதிர்பார்க்கும். ‘ஆன் டைம்’, ‘பை மிஸ்டேக்’, ‘அண்டர் பிரஷர்’ போல வலப்பக்கப் பெயரே தீர்மானிக்கும் தொடர்களுக்கு என் விரல் உதவாது; அவற்றை ஒப்பித்தே ஆக வேண்டும். பயிற்சி மையத்தின் பட்டியலில் கடைசி இரண்டு பக்கங்கள் முழுக்க அவைதான். நான் அவற்றைத் திறக்கவில்லை.