தொப்பூர் இறக்கமும் கிடோங்கா இறக்கமும்

சங்ககிரியில் லாரி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்னால் 19 வருஷம் நேஷனல் பர்மிட் வண்டி. போன வருஷம் தான்சானியாவின் தார் எஸ் சலாமுக்குப் போய், லாரி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார்களுக்கு மூன்று வாரம் வகுப்பு எடுத்துவிட்டு வந்தேன். டிக்கெட்டும் தங்குமிடமும் கூப்பிட்டவர்களே பார்த்துக்கொண்டார்கள், சம்பளம் கிடையாது. "சம்பளம் இல்லாம எதுக்குங்க அவ்வளவு தூரம்?" என்று வீட்டில் கேட்டார்கள். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர்கள் ஆப்பிரிக்கா போய் வருவது எங்கள் பக்கம் புதிதில்லை, ஆனால் அவர்கள் தொழிலுக்குப் போகிறார்கள். கிளீனராக ஏறிய எனக்கு ஸ்டியரிங் கொடுத்துப் பழக்கிய டிரைவர் அண்ணன் ஒரு டீக்காசுகூட வாங்கியதில்லை. அந்தக் கடன் மனசில் இருந்தது, அதனால் போனேன்.

அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் வண்டி ஓடுகிறது. கிளீனரைத் தானிபாய் என்கிறார்கள், கியர் அவர்களுக்கு கியா, பிரேக் பிரேக்கி. வாத்தியாருக்கு முவாலிமு என்று பெயர். அந்த நாட்டின் முதல் ஜனாதிபதி நைரேரேவையே மக்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவ்வளவு மரியாதையான சொல். துறைமுகத்தில் லோடு ஏற்றுகிற டிரெய்லர்கள் ஜாம்பியா வரைக்கும் போகும், வழியில் இரிங்காவுக்கு முன்னால் கிடோங்கா மலை வரும். தொப்பூர் மலை இறக்கத்தைப் பற்றி நம் டிரைவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்களே, அதே மாதிரிதான் அவர்கள் கிடோங்காவைப் பேசினார்கள்.

முதல் வாரம் ரிவர்ஸ் பழக்கம். ஒருவர் டிரைவர் சீட்டில் கற்றுக்கொள்கிறவராக, பக்கத்தில் இன்னொருவர் வாத்தியாராக, பின்னால் நான். டிரெய்லர் கொஞ்சம் கோணினால் போதும், பக்கத்தில் இருப்பவரின் கை ஸ்டியரிங்குக்குப் போய்விடும். அவரைத் திருத்த வாயெடுத்தபோதுதான் உறைத்தது, சங்ககிரியில் நானும் இத்தனை நாள் இதையேதான் செய்துகொண்டிருந்தேன். கை கொடுத்தால் வண்டி நேராகும், பையன் கற்றுக்கொள்ள மாட்டான்.

அப்புறம் ஒரு நாள், ஜாம்பியா லைனில் ரொம்ப வருஷம் ஓட்டிய பெரியவர் ஒருவர் கேட்டார்: "இறக்கத்தில் எந்த கியர் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள், முவாலிமு?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. காலுக்குத் தெரியும், இன்ஜின் சத்தம் கேட்கிற காதுக்குத் தெரியும், வாயில் வரவில்லை. அன்று ராத்திரி ரூமில் உட்கார்ந்து, தர்மபுரி தாண்டி சேலத்தைப் பார்க்க இறங்கும் தொப்பூர் கணவாயை மனசுக்குள் ஒருமுறை ஓட்டி, கை கால் செய்வதையெல்லாம் நோட்டில் எழுதினேன். இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே வேகத்தைக் குறை. ஏர் முள்ளை, அதாவது பிரேக்குக்கான காற்றழுத்தம் காட்டும் முள்ளைப் பார். கியரை மேலேயே குறைத்துவிடு, பாதி இறக்கத்தில் மாற்றப் போனால் கியர் விழாமல் வண்டி நியூட்ரலிலேயே ஓட ஆரம்பித்துவிடும். இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடு. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காதே, டிரம்மும் லைனரும் சூடேறினால் மிதித்தும் பிடிக்காது. எழுதி முடிக்க ஒரு மணி ஆகிவிட்டது.

மறுநாள் நியூட்ரல் பேச்சு வந்தது. டீசல் மிச்சமாகும் என்று இங்கே எத்தனையோ பேர் இறக்கத்தில் நியூட்ரல் அடிக்கிறார்கள், அங்கேயும் அந்த நம்பிக்கை இருக்கிறது. கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரமே இன்ஜினைச் சுற்றும், டீசல் போவது நின்றுவிடும். நியூட்ரலில் ஐடிலிங்குக்காவது டீசல் குடிக்கும். மிச்சமே இல்லாத ஒரு மிச்சத்துக்காகப் பசங்கள் உயிரை விடுகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அந்தப் பெரியவர் இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு என்னுடைய நோட்டை வாங்கி அவர் பாஷையில் எழுதிக்கொண்டார்.

இப்போது பெங்களூரிலிருந்து திரும்பும்போது, தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் இடம் பார்த்து வண்டியை ஓரம் கட்டச் சொல்கிறேன். என்ன கியர், ஏர் எவ்வளவு, எங்கே பிரேக், எல்லாவற்றையும் பையன் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் வண்டி நகரும். போன வாரம் ஓட்டிய தம்பிக்குச் சொல்லும்போது குரல் நடுங்கியது. ஆனால் சரியாகச் சொன்னான். கீழே இறங்கும்வரை என் கை இரண்டும் மடியில்தான் இருந்தது.