நாலடி வாசலில் வாங்கிய அடி

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இயேசு பிறந்த பெத்லகேமுக்குப் போய்வந்த இந்தக் கதையை 2019-லேயே எழுதியிருக்க வேண்டும். உட்காரும்போதெல்லாம் கை தானாக நெற்றிக்குப் போகும், அத்தோடு எழுந்துவிடுவேன். வெட்கம்தான், வேறென்ன.

பொருத்தனை அம்மாவுடையது. 2001-ல் என் மகனுக்கு ஆறு வயதில் இருதய ஆபரேஷன். தியேட்டர் வாசலில் முழங்கால் போட்டு, "பிள்ளையைத் திருப்பிக் கொடும் ஆண்டவரே, நீர் பிறந்த இடத்துக்கே வந்து ஸ்தோத்திரம் சொல்றேன்" என்று அம்மா பொருத்தனை பண்ணினாள். பிள்ளை பிழைத்தான், படித்தான், வேலைக்குப் போனான், பயணத்துக்குப் பணமும் அவனே கட்டினான். அதற்குள் அம்மாவுக்கு எழுபத்தெட்டு. எந்த முழங்காலில் நின்று கேட்டாளோ அந்த முழங்கால் மடங்குவதில்லை. "நீ போயிட்டு வா. நட்சத்திரத்தை எனக்காக ஒருதரம் தொட்டுட்டு வா, போதும்" என்றாள். ஆண்டவர் பிறந்த இடத்தில் தரையில் பதித்திருக்கிற வெள்ளி நட்சத்திரம் அது.

கிளம்புகிற அன்று ராத்திரி என் கையில் ஒரு காகிதப் பொட்டலம் வைத்தாள். பிரித்தால் மூக்குத்தி. ஒற்றைச் சிவப்புக் கல், திருகாணி தேய்ந்து போனது.

எங்கள் வீட்டில் யாரும் நகை போடுவதில்லை. ஞானஸ்நானம் எடுத்த அன்றே அம்மா குண்டுமணித் தங்கம்கூட மிச்சம் வைக்காமல் கழற்றிவிட்டாள் என்பது எங்கள் குடும்பத்துச் சாட்சி. எத்தனை பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொல்லியிருக்கிறேன்! "மத்ததெல்லாம் கொடுத்துட்டேன். இது எங்கப்பா வாங்கிக் கொடுத்தது. இதை மட்டும் முடியல. அங்க காணிக்கைப் பெட்டியில போட்டுரு" என்றாள். அப்போது எனக்கு வந்தது இரக்கம் என்று எழுதினால் பொய். எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருஷம் நான் சொன்ன சாட்சி என்ன ஆவது?

எங்கள் குழுவில் நாற்பத்திரண்டு பேர். அதில் ஓர் அக்கா. இரண்டு கையிலும் தங்க வளையல், கழுத்தில் கனமான சங்கிலி, கையில் எப்போதும் போன். பஸ் எங்கே நின்றாலும் முதலில் இறங்குவதும் அவர்தான், கடைசியில் ஏறுவதும் அவர்தான். பெயர் சொல்லப் போவதில்லை. அப்போது நான் மனதுக்குள் வைத்திருந்த பெயர், பகட்டுப் பெண்களைத் தீர்க்கதரிசி சாடுகிற வசனம், ஏசாயா 3:16.

இஸ்ரேலின் கடற்கரை ஊரான செசரியாவில் கடலைப் பார்த்த பழைய அரங்கத்தின் கல்படிகளில் உட்காரவைத்து, போதகர் அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரம் வாசித்தார். யூதேயாவின் ராஜா ஏரோது அகிரிப்பா ராஜவஸ்திரம் தரித்துக்கொண்டு பிரசங்கம் பண்ணியது இந்தச் செசரியாவில்தான். அன்றைக்கு அவன் போட்டிருந்தது முழுக்க வெள்ளி இழைத்த அங்கி என்றும், காலை வெயில் பட்டு அது கண்ணைப் பறித்தது என்றும் அந்த நூற்றாண்டின் யூத சரித்திரக்காரர் யோசேப்பஸ் எழுதிவைத்திருக்கிறார். ஜனங்கள் "இது மனுஷசத்தமல்ல, இது தேவசத்தம்" என்று ஆர்ப்பரித்தார்கள். அவன் மறுக்கவில்லை, புழுப்புழுத்துச் செத்தான். போதகர் அதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த அக்கா எழுந்துபோய், கடல் பின்னால் தெரிகிறமாதிரி முந்தானையைச் சரிசெய்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பல்லைக் கடித்தது. "சீயோன் குமாரத்திகள் அகந்தையாயிருந்து, கழுத்தை நெறித்து..." என்று அந்த அதிகாரம் எனக்கு மனப்பாடம். மோதிரம், மூக்குத்தி, கண்ணாடி, சல்லா என்று தீர்க்கதரிசி பெட்டியையே கவிழ்த்துக் காட்டுவார். இப்போது யோசித்தால் ஒன்று உறைக்கிறது. அதற்கு இரண்டே வசனம் மேலே, 14-ல், ஏழையிடம் பறித்ததெல்லாம் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது என்று மூப்பர்களையும் பிரபுக்களையும் கர்த்தர் பிடிபிடியென்று பிடிக்கிறார். எந்தக் கூட்டத்திலும் அந்த வசனத்தை எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. நானும் பேசியதில்லை.

பேதுருவின் நிருபமும் அப்படித்தான். "மயிரைப் பின்னி, பொன்னாபரணங்களை அணிந்து, உயர்ந்த வஸ்திரங்களை உடுத்திக்கொள்ளுதலாகிய புறம்பான அலங்கரிப்பு" என்று அவர் ஒரே மூச்சில் சொல்கிறார். நாங்கள் பொன்னை மட்டும் பிடித்துக்கொண்டு வஸ்திரத்தை நைசாக விட்டுவிட்டோம். என் பெட்டியில் வெள்ளைப் புடவை ஆறு. கஞ்சி போட்டு, இஸ்திரி பண்ணி, மடிப்புக் கலையாமலிருக்க நடுவில் செய்தித்தாள் வைத்து. அதைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறும்போது, "சிஸ்டரைப் பாருங்க, எவ்வளவு எளிமை" என்று யாராவது சொல்வார்கள். சொல்லாத நாளில் எனக்கு என்னவோ போலிருக்கும்.

பெத்லகேமுக்குப் போன அன்று காலையிலிருந்தே அலைச்சல். எருசலேமிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நடுவில் கான்கிரீட் சுவர், சோதனைச்சாவடி. இஸ்ரேல் வழிகாட்டி அதற்குமேல் வரக்கூடாது. அவர் இறங்கிக்கொள்ள, பாலஸ்தீன வழிகாட்டி ஒருவர் ஏறினார். தூரத்தில் உச்சியை வெட்டிவிட்டாற்போல ஒரு கூம்பு மலையைக் காட்டி, அதுதான் ஏரோதியம் என்றார். இது அகிரிப்பாவின் தாத்தா, குழந்தைகளைக் கொன்ற ஏரோது. குன்றின் மேல் அரண்மனை கட்டி அதற்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டான். அவன் கல்லறை என்று சொல்லப்படுவதை 2007-ல்தான் அந்தச் சரிவில் தோண்டிக் கண்டுபிடித்தார்கள், கல்பெட்டி துண்டுதுண்டாகக் கிடந்ததாம். பெத்லகேமில் பிள்ளையைத் துணிகளில் சுற்றி முன்னணையில் கிடத்தியிருந்த அந்த நாளிலும் அந்த மலை அப்படியே நிமிர்ந்துதான் நின்றிருக்கும்.

ஆண்டவர் பிறந்த குகையின் மேல் கட்டிய கோயிலுக்கு நேரே போகவிட்டார்களா? ஒலிவமரச் சாமான் கடை ஒன்றில் இறக்கிவிட்டு முக்கால் மணிநேரம். வாங்காதவர்களை வாசலில் நிற்கவைத்துப் பார்த்த பார்வை இருக்கிறதே! பஸ் நிறுத்தத்திலிருந்து கோயில் சதுக்கம் வரை, "இந்தியா! ஒன் டாலர்! ஒன் டாலர்!" என்று சிலுவையும் சால்வையும் கழுத்திலேயே மாட்டிவிடுகிறார்கள். ஒருவன் என் காதருகில் வந்து, இருபது டாலர் கொடுத்தால் வரிசையில் நிற்காமல் உள்ளே கூட்டிப்போகிறேன் என்றான். ஆண்டவர் பிறந்த இடத்துக்குக் குறுக்குவழி! துரத்திவிட்டேன். துரத்தியதிலும் ஒரு பெருமை இருந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

பெரிய கோட்டைச் சுவர் மாதிரி நிற்கிற கோயிலுக்கு வாசல் நாலடி. சரியாகச் சொன்னால் சுமார் 1.2 மீட்டர். முதலில் அப்படி இல்லை. சுவரை உற்றுப்பார்த்தால் ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் ராஜா கட்டிய பழைய பெரிய வாசலின் நிலைக்கல் மேலே தெரியும். அதற்குள்ளே சிலுவைப்போர்க்காரர்கள் சுருக்கிய கூர்வளைவு, அதற்கும் உள்ளே இந்தப் பொந்து. குதிரையோடும் வண்டியோடும் உள்ளே நுழைகிறார்கள் என்று அடைத்தார்களாம். தாழ்மையின் வாசல் என்று பெயர். குனியாமல் யாரும் போக முடியாது. எப்பேர்ப்பட்ட தலைவரானாலும் அங்கே தலை கீழேதான்.

எனக்கு முன்னால் அந்த அக்கா. குனிந்து பாதி நுழைந்தவர் நின்றுவிட்டார். பின்னால் ஆட்கள் நெருக்குகிறார்கள். இங்கேயுமா, இந்த வாசலிலுமா போட்டோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னதான் செய்கிறார் பார்ப்போம் என்று தலையை நிமிர்த்தினேன்.

நல்ல அடி. கண் இருட்டிக்கொண்டு வந்தது. தேங்காய் உடைத்த மாதிரி சத்தம் கேட்டது என்று பின்னால் வந்தவர்கள் அப்புறம் சொன்னார்கள். உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துவிட்டது. வெள்ளைப் புடவையில் இரண்டு சொட்டு ரத்தம். முதலில் ஓடிவந்தது யார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். தண்ணீர் பாட்டிலில் கைக்குட்டையை நனைத்து வைத்தார். அது போதவில்லை. சட்டென்று தன் கையைத் திருப்பி வளையல்களை என் நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கல்கட்டடத்துக் குளிரில் சில்லென்றிருந்தது தங்கம். பத்து நிமிஷம் அப்படியே. கை வலிக்கவில்லையா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

"நான் நின்னதாலதான் சிஸ்டர், மன்னிச்சிருங்க. எங்க தெருவுல ஒருத்தரும் வர வழியில்ல. வாசலைப் படம் எடுத்துட்டு வான்னு சொன்னாங்க."

நட்சத்திரத்துக்கு வரிசை இரண்டரை மணிநேரம். கோயிலுக்குள்ளே வரிசை என்றால் வரிசை இல்லை, கூட்டம். எல்லா நாட்டு முழங்கைகளும் என் விலாவில் பட்டன. பின்னாலிருந்து ஒரு கூட்டம் தள்ளிக்கொண்டே பாடியது. சிவந்த சுண்ணக்கல் தூண்கள், மேலே பழுதுபார்த்த மொசைக் எல்லாம் இருந்தன. நான் ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை, தலை விண்விண்ணென்று தெறித்தது. கிரேக்கர், அர்மீனியர், கத்தோலிக்க பிரான்சிஸ்கர் என்று மூன்று சபையார் பங்குபோட்டுப் பராமரிக்கிற கோயில். 2011 டிசம்பரில் யார் எந்த இடத்தைப் பெருக்குவது என்று கிரேக்கத் துறவிகளும் அர்மீனியத் துறவிகளும் துடைப்பத்தாலேயே அடித்துக்கொண்டு, போலீஸ் வந்து விலக்கியது உலகம் முழுக்கச் செய்தியாக வந்தது. தாழ்மையின் வாசலுக்கு உள்ளேதான்! முன்பு அந்தச் செய்தியைப் படித்துச் சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

நிற்கும்போது இன்னொன்று தோன்றியது. புது ராஜாவை அபிஷேகம்பண்ண சாமுவேல் தீர்க்கதரிசி தைலக்கொம்பை எடுத்துக்கொண்டு ஈசாய் வீட்டுக்கு வந்ததும் இதே ஊர்தானே? ஈசாயின் மூத்த மகன் எலியாபின் உயரத்தைப் பார்த்து, இவன்தான் என்று தீர்க்கதரிசியே ஏமாந்தாரே. "மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்." நகை போட்டவர்களைப் பற்றிப் பேச இந்த வசனத்தை எத்தனையோ தரம் எடுத்திருக்கிறேன். பக்கத்தில் அந்த அக்கா தன் பாட்டிலில் கடைசி வாய்த் தண்ணீரை என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

வளைவுப் படியில் இறங்கினால் குகை. தாழ்ந்த கூரை, விளக்கு, எண்ணெய் வாசம், மூச்சு முட்டுகிறது. பலிபீடத்துக்குக் கீழே தரையில் பளிங்கில் பதித்த வெள்ளி நட்சத்திரம், பதினாலு முனை. 1717 என்று அதில் பொறித்திருக்கிறது. நின்றுகொண்டு தொட முடியாது. முழங்கால் போட்டு, கையை ஊன்றி, பலிபீடத்துக்கு அடியில் தலையை விட வேண்டும். வெளியே நிற்பவர்களுக்கு நம் முகம் தெரியாது, பின்புறம்தான் தெரியும். கோட்டு சூட்டுப் போட்டவர், குருவானவர், கைத்தடி வைத்திருந்த பாட்டி, எல்லாருக்கும் அங்கே ஒரே கோலம். முகத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாத இடம்.

"நீங்க முன்னால போங்க சிஸ்டர், அம்மாவுக்காக வந்திருக்கீங்க" என்று அந்த அக்கா வழிவிட்டார்.

இரண்டு மாதமாகத் தயார் செய்த ஜெபம் ஒன்று இருந்தது. பிள்ளைக்கு ஸ்தோத்திரம், அம்மாவுக்கு, சபைக்கு, வரிசையாக, வசனத்தோடு. கை அந்த வெள்ளியில் பட்டதும் ஒன்றும் ஞாபகமில்லை. ஆயிரமாயிரம் கைகள் தேய்த்துத் தேய்த்து வழுவழுவென்றிருந்தது. நடுவில் ஒரு வட்டத் துவாரம், அதற்குள் விரல் விட்டால் கல். அந்தக் கல்லில் விரல் பட்டபோது வாயில் வந்தது இயேசு சொன்ன உவமையில் வருகிற ஆயக்காரனுடைய, வரி வசூலிக்கிறவனுடைய ஜெபம்: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." லூக்கா 18-ல் எனக்குப் பிடித்த பாத்திரம் எப்போதும் அவன்தான், நான் அவன் கட்சி என்றே நினைத்திருந்தேன். அவனுக்கு முன்னால் நின்று "மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்" என்று ஸ்தோத்திரம் சொன்ன, தன்னையே நீதிமான் என்று நம்பிய பரிசேயனுடைய குரல் என் குரல் என்று அதுவரை தெரியாது. அழுதேன். நட்சத்திரத்தின் மேலேயே கண்ணீர் விழுந்தது. ஐந்து வினாடி இருக்குமா? யாரோ என் தோளைத் தட்டி நகரச் சொன்னார்கள். எழும்போது பலிபீடத்தின் ஓரத்தில் இன்னொரு தரம் இடித்துக்கொள்ளப் பார்த்தேன். இந்தத் தடவை ஒரு வளையல் கை குறுக்கே வந்து தலையைத் தாங்கிக்கொண்டது.

ஆண்டவரே, உமக்கு எப்படி நன்றி சொல்வேன்! பதினெட்டு வருஷத்துக்கு முன் கொடுத்த பிள்ளைக்கு ஸ்தோத்திரம் சொல்லப் போனேன். நெற்றியில் வாங்கின அடிக்கும் சேர்த்து ஸ்தோத்திரம் சொல்ல வைத்தீர். அந்த அக்காவை எனக்கு முன்னால் நடக்கவைத்தீரே, அதற்கும் ஸ்தோத்திரம். ஒலிவமலை, கல்வாரி, தோட்டத்துக் கல்லறை என்று மற்ற நாளெல்லாம் எப்படிப் போனதென்று கேட்டால் எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. எல்லாப் படத்திலும் பிளாஸ்திரியோடு இருக்கிறேன், எல்லாப் படத்திலும் பக்கத்தில் அவர் இருக்கிறார்.

மேலே ஏறி வந்து பொட்டலத்தைப் பிரித்தேன். விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சிவப்புக் கல் ஒருதரம் மின்னியது. காணிக்கைப் பெட்டியின் துவாரத்தில் போட்டேன். உள்ளே நோட்டுகள் நிறைந்திருந்தன போல, விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

சதுக்கத்துக்கு வந்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"தொட்டியா?"

"தொட்டேம்மா."

"ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். நெத்தியில என்னடி?"

சொன்னேன். சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. திரையில் அவள் விரல் மூக்கின் இடதுபக்கம் போயிருந்தது. தூர்ந்துபோன துளை இருக்கிற இடம்.

"அதைப் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"சரி" என்றாள். "எனக்கு அது ரொம்ப அழகா இருக்கும்டி."