எம்.ஃபார்ம் வைவா: தாவரப் பாலிசாக்கரைடும் ரத்தக் கொதிப்பும் தலைப்பாக எடுத்தவர்களுக்கு

ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகிறது. பாஸ்தான். ஆனால் வைவாவில் மார்க் எங்கே கழன்றது என்பது மார்க் ஷீட்டைப் பார்த்த பிறகுதான் உறைக்கிறது. சினாப்சிஸ், எத்திக்ஸ் கமிட்டி, பைண்டிங் பற்றியெல்லாம் சீனியர்களே சொல்வார்கள். இங்கே எழுதுவது மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எக்சாமினர் கேட்பதைப் பற்றி.

அவர் சுற்றிச் சுற்றி வந்து கேட்பது ஒன்றுதான்: "சரிம்மா, அழுத்தம் குறைஞ்சது. குறைச்சது பாலிசாக்கரைடுதான்னு எப்படிச் சொல்ற?"

இதற்குப் பதில் இல்லாவிட்டால் ஐம்பது பக்கம் கிராஃப் இருந்தும் பயனில்லை. வெந்நீர்ச் சாறில் பாலிசாக்கரைடு (சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீளச் சங்கிலி, பிசின்) மட்டும் வராது. பெப்டைடு (புரதத் துண்டு) வரும், அது ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஏ.சி.ஈ. என்சைமைத் தடுக்கும். பாலிஃபீனால் வரும், அதுவும் தடுக்கும். பொட்டாசியம் ஏராளமாக வரும். அது வாய் வழியே போனாலே அழுத்தத்தைக் குறைக்கக்கூடியது. இந்த மூன்றையும் எந்த ஸ்டெப்பில் வெளியேற்றினீர்கள் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும்.

வரிசை இது:

- பொடி 100 கிராம். சாக்ஸ்லெட்டில் பெட்ரோலியம் ஈதர், கொழுப்பு போகும்.
- 80% எத்தனாலில் ரீஃப்ளக்ஸ், 2 மணி நேரம். சிறு சர்க்கரை, நிறமி, பாலிஃபீனாலில் பெரும்பங்கு போகும். இதைத் தவிர்த்தால் கடைசியில் பழுப்புப் பொடிதான் கிடைக்கும்.
- மிஞ்சிய சக்கையைக் காயவைத்து, அதற்கு 20 மடங்கு தண்ணீர், 90° செ., 2 மணி நேரம், மூன்று முறை.
- 60° செல்சியஸைத் தாண்டாமல் ரோட்டரி எவாப்பரேட்டரில் ஐந்தில் ஒரு பங்காக வற்றவிடுதல்.
- அயோடின் சொட்டுச் சோதனை. நீலம் வந்தால் ஸ்டார்ச் இருக்கிறது, அதை உடைக்க ஆல்ஃபா அமைலேஸ்.
- செவாக், புரதம் போகும்.
- டயாலிசிஸ், பொட்டாசியமும் சின்ன மூலக்கூறுகளும் போகும்.
- நாலு மடங்கு எத்தனால், 4° செல்சியஸில் இரவு முழுக்க. சென்ட்ரிஃபியூஜ், லியோஃபிலைசர் (உறைய வைத்து உலர்த்துதல்).

வேர், கிழங்கு, விதை எடுத்தவர்கள் அயோடினைத் தவற விடவே கூடாது. ஈல்டு அமோகமாக வந்தால் சந்தோஷப்படாதீர்கள், பாதிக்கு மேல் ஸ்டார்ச்சாக இருக்கும். அமைலேஸ் ஏன் செவாக்குக்கு முன்னால் என்றும் கேட்பார்கள். அமைலேஸே ஒரு புரதம். செவாக்குக்குப் பிறகு போட்டால், கழற்றிய புரதத்துக்குப் பதில் புதுப் புரதத்தை நாமே சேர்த்த கதை.

எத்தனால் கணக்கில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஒரு பங்கு கரைசலுக்கு நாலு பங்கு 95% எத்தனால் ஊற்றினால் 80% ஆகாது, 76%தான். 80% வேண்டுமானால் அப்சல்யூட் எத்தனால் வேண்டும். மொத்தமாகக் கவிழ்க்காமல், கலக்கிக்கொண்டே மெல்ல ஊற்ற வேண்டும். வேகமாக ஊற்றினால் பிசின் உருண்டை கட்டி, உப்பையும் சிறு சர்க்கரையையும் உள்ளே பூட்டிக்கொள்ளும்.

செவாக் என்பது குளோரோஃபார்ம் 4, என்-பியூட்டனால் 1. இருபது நிமிடம் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜ் போட்டு, நடுவில் வரும் வெள்ளைப் படலத்தை ஒதுக்கி, படலம் வராத வரை திரும்பச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் பாலிசாக்கரைடும் கொஞ்சம் போகும். ஈல்டு குறைந்ததற்கு இதையே காரணமாகச் சொல்லலாம், ஒப்புக்கொள்வார்கள்.

இப்போது, புரதம் அளக்கும் பிராட்ஃபோர்டு சோதனையை வைத்துச் சொல்லி மார்க்கைக் கவிழ்த்த வாக்கியம்: "பிராட்ஃபோர்டில் ஜீரோ சார், அதனால் புரதம் இல்லை."

இதை வாய் தவறியும் சொல்லாதீர்கள். பிராட்ஃபோர்டு சாயம் சின்னப் பெப்டைடுகளைப் பிடிக்காது. செவாக்கும் அவற்றை விட்டுவிடும், ஏனென்றால் அவை உறைந்து படலமாவதில்லை. ஏ.சி.ஈ.யை நன்றாகத் தடுப்பவை சின்னப் பெப்டைடுகள்தான். ஏ.சி.ஈ.யைத் தடுக்கும் ரத்தக் கொதிப்பு மருந்தான கேப்டோப்ரில் பிறந்ததே பிரேசில் விரியன் பாம்பின் விஷத்தில் இருந்த பெப்டைடுகளைப் பார்த்துத்தானே. அதாவது, எது முக்கியமோ அதற்கு நமது சோதனை குருடு. எக்சாமினர் காத்திருப்பது இந்த இடத்துக்குத்தான்.

மீட்சி டயாலிசிஸில் இருக்கிறது. பை 3,500 டால்டன் (அதைவிடச் சின்ன மூலக்கூறு வெளியே போய்விடும்), 48 மணி நேரம், 4° செல்சியஸில். வெளித் தண்ணீரைக் கொட்டாதீர்கள். முதல் மாற்றுத் தண்ணீரையாவது வற்ற வைத்து, லியோஃபிலைஸ் செய்து, அதையும் பைக்குள் இருந்ததையும் பக்கத்துப் பக்கத்தில் ஏ.சி.ஈ. அசேயில் (தடுப்பை அளக்கும் சோதனை) ஓட்டுங்கள். ஆக்டிவிட்டி பைக்குள் தங்கினால் உங்கள் பெரிய மூலக்கூறு நின்றது. வெளியே போய்விட்டால் தலைப்பே ஆட்டம் காணும். ஆனால் அதை நீங்களே கண்டுபிடித்து டிஸ்கஷனில் எழுதினால் மார்க் குறையாது. இந்த ஒரு டேபிள் இல்லாமல் வைவாவுக்குப் போக வேண்டாம். (கெடாமல் இருக்க சோடியம் அசைடு போடும் வழக்கம் உண்டு. ரத்த அழுத்த ஆய்வில் அது வேண்டாம். அசைடே அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும்.)

மொத்தச் சர்க்கரைக்கு ஃபீனால்-சல்ஃபியூரிக், 490 நானோமீட்டர். சாம்பிள் 1 மி.லி., 5% ஃபீனால் 1 மி.லி., அமிலம் 5 மி.லி. அமிலம் ட்யூப் சுவரில் வழியக் கூடாது, திரவத்தின் நடுவில் வேகமாக விழ வேண்டும். அந்தச் சூட்டில்தான் நிறம் வருகிறது. ட்யூபை டிஷ்யூ பேப்பரால் உள்ளே துடைத்தால் செல்லுலோஸ் நார் ஒட்டி ரீடிங் ஏறும். டிரிப்ளிகேட் ஒத்துப்போகாததற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். யூரோனிக் அமிலம் நிறைந்த பெக்டின் வகைக்கு இந்த முறை குறைத்துக் காட்டும். அதற்குத் தனியாகக் கார்பசோல் சோதனை.

ஏ.சி.ஈ. அசே, 1971-இல் குஷ்மனும் சுங்கும் கொடுத்த முறை:

- ஹெச்.ஹெச்.எல். (ஏ.சி.ஈ. வெட்டும் சின்னப் பெப்டைடு, வெட்டினால் ஹிப்யூரிக் அமிலம் வரும்) 5 மில்லிமோலார், பஃபர் பி.ஹெச். 8.3, சோடியம் குளோரைடு 0.3 மோலார். குளோரைடு இல்லாமல் என்சைம் மந்தமாகிவிடும்.
- 37° செ., 30 நிமிடம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் நிறுத்தம்.
- எத்தில் அசிட்டேட்டில் ஹிப்யூரிக் அமிலத்தைப் பிரித்து, ஆவியாக்கி, தண்ணீரில் கரைத்து 228 நானோமீட்டரில் ரீடிங்.

எத்தில் அசிட்டேட் துளி மிச்சமிருந்தாலும் 228-இல் அதுவே ஒளியை உறிஞ்சும். முழுக்கக் காய வையுங்கள். இன்னொரு பொறி: ஏ.சி.ஈ.யின் மையத்தில் துத்தநாகம் இருக்கிறது. அதைக் கவ்வும் எதுவும் தடுப்பது போலக் காட்டும், ஈ.டி.டி.ஏ. கூட. கொஞ்சம் ஜிங்க் குளோரைடு கூடுதலாகப் போட்டுத் தடுப்பு குறைகிறதா பாருங்கள். குறைந்தால் அது மருந்தல்ல, வெறும் இடுக்கி.

யூனிட்டிலும் கவனம். உங்கள் ஐ.சி.50 (என்சைமைப் பாதி தடுக்கும் அளவு) மி.லி.க்கு 0.5 மி.கி., மூலக்கூறு எடை 50,000 என்றால் அது 10 மைக்ரோமோலார். கேப்டோப்ரில் நானோமோலார் அளவில் வேலை செய்யும். "கேப்டோப்ரிலுக்கு இணையானது" என்று கன்குளூஷனில் எழுதியிருந்தால் இன்றே வெட்டிவிடுங்கள்.

எலிப் பகுதி சுருக்கமாக. எல்-நேம் (நைட்ரிக் ஆக்சைடைத் தடுத்து அழுத்தம் ஏற்றும் மருந்து) மாடல், நாளுக்கு கிலோவுக்கு 40 மி.கி., நாலு வாரம். டெயில் கஃப் (வாலில் பட்டை மாட்டி அழுத்தம் அளப்பது) என்றால் ஒரு வாரமாவது எலியைப் பழக்க வேண்டும். வாலைச் சூடாக்கி, முதல் சில ரீடிங்கை விட்டுவிட்டு, தினமும் ஒரே நேரத்தில். பழகாத எலி பயத்திலேயே அழுத்தம் காட்டும். பழகிய பிறகு தானாகக் குறைவதை மருந்தின் பலன் என்று எழுதிவிடுவோம். அதனால் கண்ட்ரோல் குரூப்புக்கும் அதே பழக்கம், அதே கவாஜ் (வயிற்றுக்குள் குழாய் வழியே ஊட்டுவது). காம்பினேஷன் குரூப்பில் மருந்தையும் பிசினையும் ஒரே கவாஜில் கொடுக்காதீர்கள். பிசின் மருந்தைக் கட்டிப்போட்டு உறிஞ்சலைக் கெடுக்கும்.

மனித டோஸ் கட்டாயம் வரும். எலிக்கு 200 மி.கி./கிலோ என்றால் எலியின் உடல்பரப்பு எண் 6-ஆல் பெருக்கி மனிதனின் எண் 37-ஆல் வகுக்க, 32.4 மி.கி./கிலோ. அறுபது கிலோ ஆளுக்குச் சுமார் 2 கிராம். மனக்கணக்காகவே சொல்லிப் பழகுங்கள்.

"ஜீரணமாகாத இவ்வளவு பெரிய மூலக்கூறு ரத்தத்துக்கு எப்படிம்மா போச்சு?" என்று கேட்டால், போச்சு என்று சாதிக்க வேண்டாம். பெருங்குடல் பாக்டீரியா அதை நொதிக்கச் செய்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட்டாக்குகிறது; உறிஞ்சப்படுவது அவைதான். ஜி.பி.ஆர்.41 என்ற ஏற்பி வழியே அழுத்தம் இறங்கும், எலியில் ஓ.எல்.எஃப்.ஆர்.78 என்ற ஏற்பி வழியே ரெனின் (அழுத்தத்தை ஏற்றும் சிறுநீரகச் சுரப்பு) கூடி ஏறும். இரண்டையும் சொன்னால்தான் படித்திருப்பது தெரியும். அப்படியானால் டியூபில் பார்த்த ஏ.சி.ஈ. தடுப்புக்கு உடலுக்குள் என்ன அர்த்தம் என்று அடுத்துக் கேட்பார். வாய்வழி டோஸில் அதை மெக்கானிசமாக வைக்க முடியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

ஊசி வழியாகக் கொடுத்தவர்களுக்கு வேறு கண்டம். பாக்டீரியா எண்டோடாக்சின் கலந்திருந்தால் அதுவே அழுத்தத்தை வீழ்த்தும். எண்டோடாக்சினைக் காட்டும் எல்.ஏ.எல். டெஸ்ட் ரிசல்ட் கேட்பார்கள். உங்களுடையது பீட்டா-குளுக்கன் என்றால் சாதாரண எல்.ஏ.எல். பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். ஃபாக்டர்-ஜி வழியை (குளுக்கன் தூண்டும் பாதை) அடைத்த கிட் வேண்டும். பட்ஜெட்டில் அது இல்லையென்றால் கவாஜோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.